தங்கச்சிமடத்தில் பிழையின்றி மனு எழுதித் தரும் ஒரு கடை

இராமநாதபுரம் மாவட்டத்தின் தங்கச்சிமடத்தில் சாலையை ஒட்டியுள்ள இந்தச் சிறிய தட்டச்சுக் கடையை, மனு எழுத வேண்டிய எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நகல் எடுப்பதும் இணைய விண்ணப்பம் பதிவதும் மற்றக் கடைகளைப் போலத்தான். மனுவின் தமிழில் காட்டும் கவனமே இக்கடையின் சிறப்பு.

நான் சென்றிருந்தபோது நாட்டுப்படகு மீனவர் ஒருவர், தாம் எழுதி வந்த தாளைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். ‘கரை திரும்பாத படகின் உரிமையாளர் என் தம்பி’ என்று அதில் இருந்தது. கடையை நடத்தும் பெண்மணி விசைப்பலகையில் கை வைக்கவில்லை. “அண்ணே, கரைக்கு வராதது படகா, தம்பியா?” என்று கேட்டார். “தம்பி வேற படகுல ஏறி வந்துட்டான்மா, படகத்தான் காணோம்” என்றார் அவர். ‘திரும்பாத’ என்னும் பெயரெச்சம் அடுத்து நிற்கும் படகையும் தழுவும், அதைத் தாண்டி உரிமையாளரையும் தழுவும் என்பதால், படிக்கும் அலுவலர் தேட வேண்டியது ஆளையா, படகையா என்று குழம்பியிருப்பார். ‘என் தம்பி கரை திரும்பிவிட்டார். அவருடைய படகு இன்னும் கிடைக்கவில்லை’ என்று இரண்டு வாக்கியங்களாக்கி, அவரிடம் படித்துக் காட்டிய பிறகே அச்சிட்டார்.

இன்னொருவர் மனுவில் ‘வலைகளும் இயந்திரமும் சேதமடைந்தது’ என்றிருந்ததைச் ‘சேதமடைந்தன’ என்று திருத்தினார். பேச்சில் இந்த ஒருமை யாருக்கும் உறுத்தாது. இழப்பீடு கோரும் தாளிலோ, சேதமானது எது என்ற ஐயத்துக்கே இடம் இருக்கக் கூடாது; அலுவலர் அதை வாசிக்கும்போது அருகில் நின்று விளக்க நாம் இருக்க மாட்டோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடையைப் பலரும் ‘மீன்பிடி தடைக்காலம்’ என்றே எழுதுகிறார்கள். இங்கே ‘மீன்பிடித் தடைக்காலம்’ என்று ஒற்று தவறாமல் வருகிறது. இதில் பொருள் மாறிவிடாது என்றாலும், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இராமநாதபுரம் அரச குடும்பத்தவர் என்பதால், நம் மாவட்டத்தில் அந்த ஒற்றைச் சரியாகக் காண்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குறைகளும் உண்டு. கட்டணப் பலகை இல்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கில மனுக்களில் இதே கவனத்தைக் காணவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் என்பதால், அன்று காலை கூட்டம் அதிகம். படித்துப் பார்த்துத் திருத்தக் கடையை நடத்துபவருக்கும் நேரம் வேண்டும்; சனிக்கிழமையே சென்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.