மூன்று மாதத்தைக் கைநழுவ விட்டுவிடாதீர்கள்

முகநூல் விளம்பரத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை 8,900 ரூபாவுக்கு எடுப்பித்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு வாசலுக்கே கூரியர் தம்பி கொண்டுவந்தார். காசைக் கொடுத்த பிறகுதான் பொதியை உடைக்கலாம் என்றார். கொடுத்தேன்.

காலையும் மாலையும் 118க்கு 78. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். எனக்குச் சொல்லாமலே குளிசையைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கிவிட்டார். மூன்று கிழமை கழித்துக் கிளினிக்கில் பார்த்தபோது 176. தாதி கொப்பியில் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டதைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து அந்தக் கருவியை என் கையில் கட்டினேன். 118க்கு 78. தண்ணீர்ப் போத்தலில் சுற்றினேன். உறுமிவிட்டு அதற்கும் 118க்கு 78 காட்டியது.

விற்றவரைக் கேட்டால், "அடுத்த கிழமை மாற்றித் தருகிறோம் அக்கா." பிறகு, "கொழும்பிலிருந்து சரக்கு வரவேண்டும் அக்கா." இப்படியே இழுத்தார்கள். ஒருநாள் அவர்களின் முகநூல் பக்கமே காணாமல் போய்விட்டது. அதன்பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் நினைவுக்கு வந்தது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஒன்பது நாள் பிந்திவிட்டது. அந்த "அடுத்த கிழமை" எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்குபவரை ஏமாற்றி விற்பது குற்றம். விசாரித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு கட்டவோ அதிகார சபை கட்டளையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டும் தந்தாக வேண்டும். தொலைபேசியில் வந்த செய்திதானே என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. மின்வடிவில் இருப்பதற்காக மட்டும் ஓர் ஆவணம் செல்லாமல் போகாது என்கிறது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். ஆகவே விளம்பரத்தையும் உரையாடலையும் பக்கம் மறையும் முன்பே படமெடுத்து வையுங்கள்.

ஆனால் யார்மீது முறையிடுவது? அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெட்டியில் ஒட்டியிருந்த கூரியர் துண்டில் இருந்தன. பெட்டியை நான் மாவிலைக் குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டேன்.

விளம்பரம் பார்த்து இப்படியொரு கருவி வாங்கியவர்கள் இன்றைக்கே அதைப் போத்தலில் கட்டிப் பாருங்கள். நல்ல கருவி என்றால் பிழை என்று காட்ட வேண்டும். இலக்கம் காட்டினால் அதை நம்பிக் குளிசையில் கைவைக்க விடாதீர்கள். துண்டு கையில் இருந்தால், விற்பவர் எத்தனை தவணை சொன்னாலும் காத்திராமல் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.