உப்புக்காற்றில் மரக்குடில்: மழை படாத மூலைதான் முதலில் கெடுகிறது

நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் கடலோரப் பாதை 60 கி.மீ. நீளம். வழியில் இருக்கும் குடில்களில் ஃபரிஃபராங்கி என்பது 1896 வாக்கில் எழுந்த பண்ணை வீடு. இன்றும் நடைப்பயணிகள் அதில் இரவு தங்குகிறார்கள். ஆகவே கடலோரத்தில் மரம் தாங்காது என்பது வெறும் பேச்சு. பல ஆண்டுப் புழக்கத்தில் குடிலைக் கெடுப்பவை பெரும்பாலும் மரத்தோடு சேர்த்த இரும்பும், வெளியேற வழியில்லாத ஈரமும்தான்.

முதலில் இரும்பு. கூரைத் தகடு கடலைப் பார்த்தபடி திறந்த வெளியில் கிடக்கிறது, ஆனால் நன்றாகவே இருக்கிறது. இறவாணத்துக்கு (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) அடியில் மழைத்துளியே படாத கீலும் கொக்கியும் ஆணித்தலையும் துருவேறி உதிர்கின்றன. கூரையில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது, அடியில் படிவதைக் கழுவ ஆளில்லை என்பதுதான் காரணம். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 35 சதவீதத்தைத் தொட்டாலே நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம் என்பதால் அந்த மூலை காய்வதே இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது இறவாண அடி, கதவின் மேல்விளிம்பு, மழைநீர்த் தொட்டியின் பட்டைகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவ வேண்டும். வரைபட நிலையிலேயே அங்கே இரும்பைக் குறைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பதை நியூசிலாந்தின் மரக்கட்டட விதி தனி அரிப்பு மண்டலமாகவே வைத்திருக்கிறது. இந்த எல்லைக்குள் ஸ்க்ரூ, போல்ட், வாஷர் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 ரகமும் நிற்கும்தான், ஆனால் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படரும், இடுக்குகளில் பொத்தல் விழும். விலை கூடுகிறதே என்று கால்வனைஸ் (ஜிங்க் பூசிய) ஆணிக்குப் போனால் செலவு பின்னால் வரும். உளுக்காமலிருக்க மருந்தேற்றிப் பதம் செய்த பைன் மரத்தில் செம்பு இருக்கிறது. அதன் புதிய ரகங்களில் செம்பு இன்னும் அதிகம், அது ஜிங்க் பூச்சைத் தின்னும். இப்படிப்பட்ட பலகை ஆடத் தொடங்கியதும் ஓர் ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள்: தலை புதிதுபோல் இருக்கும், பலகையும் சட்டமும் சேரும் இடத்தில் தண்டு ஊசியாக மெலிந்திருக்கும், சுற்றிலும் மரம் கருத்திருக்கும். தலையைப் பார்த்து மட்டும் பரிசோதனை செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அலுமினிய மறைப்புத் தகட்டையும் இந்த மரத்தில் நேராகப் படியவிடாமல் நடுவில் ஒரு தடுப்புப் பட்டை வையுங்கள்.

மரத்துக்கு ஏற்றிய மருந்தின் தரத்தை H எண் சொல்லும்: மண்ணில் நிற்கும் அடித்தூணுக்கு H5, தரைச்சட்டத்துக்கும் திண்ணைப் பலகைக்கும் H3.2 பதம். தூணை வெட்டினால் வெட்டிய முனை மேலேதான் வர வேண்டும், மண்ணுக்குள் போகவே கூடாது. பைனின் வைரப் பகுதிக்குள் (நடுமரம்) மருந்து சரியாக இறங்காது, வெட்டினால் அதுதான் வெளியே தெரியும். வெட்டிய எல்லா முனைகளுக்கும் செம்பு நாஃப்தனேட் என்ற மரக்காப்பு மருந்து இரண்டு பூச்சு.

சுவருக்குப் பதம் செய்யாத மாக்ரோகார்ப்பா (ஒரு வகை சைப்ரஸ் மரம்) அல்லது சீடாரின் வைரப்பலகை, செங்குத்தாக. பின்னால் 20 மி.மீ. இடைவெளி. செங்குத்துப் பலகை என்றால் ரீப்பர் படுக்கையாக வரும், இறங்கும் நீர் அதன் மேல் தேங்கும். ரீப்பரில் பள்ளம் வெட்டி நீருக்கு வழிவிடாத சுவர் உள்ளேயிருந்து உளுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பலகையின் கீழ்முனையைச் சரிவாகச் சீவினால் சொட்டு அங்கேயே உதிரும். எலி நுழையாமல் அடியில் 3 முதல் 5 மி.மீ. துளையுள்ள பட்டை போடவும்.

வார்னிஷ் வேண்டாம். அது உரிந்தால் காட்டுக்குள் சுரண்டிப் பூச ஆள் கிடைக்காது. பலகை வெள்ளி நிறமாகட்டும். வெயில் மழையில் மென்மரம் தேய்வது நூற்றாண்டுக்கு 6 மி.மீ. அளவுதான், சீடார் அதைவிடக் கூடுதல். உப்பு படிந்த பக்கம் நார் எழும்பிப் பூனைமுடிபோல் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிரஷ் போதும்.

திண்ணையில் வில்லன் மணல். பலகை இடுக்கில் விழும் மணலும் மானுக்காப் புதரின் இலையும் தாங்குசட்டத்தின் தலையில் குவிந்து பஞ்சுபோல் ஈரம் பிடித்துவைக்கும். முதலில் உளுப்பது பலகையல்ல, அந்தச் சட்டத்தின் மேல்முகம். சட்டத்தின் தலைக்கு நீர்புகாப் பட்டை ஒட்டி, இடுக்கை 5 மி.மீ.க்குக் குறையாமல் விட்டு, வாசலில் கம்பிவலைப் படி போடுங்கள். நகர்த்தும் கதவு இந்த மணலில் ஒரு பருவத்திலேயே சிக்கும். கீல் கதவே போதும்.

உள்ளே ஈரத்தின் கணக்கு பலரும் போடாதது. தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து இரவுக்குக் கால் லிட்டருக்கு மேல் நீர் வெளியேறும். ஆறு பேருக்கு ஏறத்தாழ 2 லிட்டர். ஏபல் டாஸ்மனிலும் ஸ்டூவர்ட் தீவின் ராக்கியூரா நடைபாதையிலும் குடிலில் சமையல் அடுப்பு கிடையாது, நடப்பவர்கள் தங்கள் காஸ் அடுப்பைக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் 1.6 கிலோ நீராவி. ஆகவே சமையல் மேடையைப் படுக்கையிலிருந்து தள்ளி, மேலும் கீழும் மூட முடியாத காற்றுத்துளைகள் விட்டு, ஈர உடுப்புக் கொடியை முகப்புத் திண்ணையில் கட்டவும். மெத்தைக்கடியில் முழு ஒட்டுப்பலகை போட்டால் அடிப்பக்கம் பூஞ்சணம்தான், 20 மி.மீ. இடைவெளியுள்ள சட்டங்கள் போடவும்.

30 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 30 லிட்டர். கூரையின் உப்பைக் கழுவிவரும் முதல் 15 லிட்டரை வெளியே திருப்பும் குழாய் இல்லாவிட்டால் தொட்டி நீர் புயலுக்குப் பின் கரிக்கும்.

கட்டுமானச் சாமானைச் சுமப்பது ஹெலிகாப்டர் என்பதால் சுவர்ப் பகுதிகளை 700 கிலோவுக்குள் பிரித்துக்கொள்வது வசதி. சுவர்ப்பலகை எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஸ்க்ரூ, உபரியாகப் பத்துப் பலகை தரைக்கடியில் அடுக்கி வைத்தால், ஒரு பலகைக்காகத் தனிப் பயணம் வேண்டாம். பதம் செய்த மரத்தின் வெட்டுத்துண்டுகளை மட்டும் அங்கே விடாதீர்கள். குளிரில் வருபவர் கையில் கிடைக்கும் கட்டையைக் குளிர்காயும் அடுப்பில் போடுவார், அதில் ஆர்செனிக் இருக்கலாம். கட்டிய கடைசி நாளில் ஒவ்வொரு துண்டையும் எண்ணி மூட்டையில் திருப்பி அனுப்புங்கள்.