ரோம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்: இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்து

கென்ட் கடற்கரையில் ஹைத்திலிருந்து டஞ்சனெஸ் வரை ஏறத்தாழ 22 கி.மீ. ஓடும் இந்த ரயிலின் பாதை அகலம் 15 அங்குலம்தான். 1927-இல் திறக்கப்பட்டது, மறு ஆண்டு டஞ்சனெஸ் வரை நீண்டது. கார்ப் பந்தய வீரரான பணக்காரர் ஜே. ஈ. பி. ஹோவியின் ஆசையில் பிறந்தது.

ஹைத்தில் ஏறுவதே நல்லது. போகப்போகக் காட்சி விரியும். முதல் பாதியில் பெரும்பாலும் வீட்டுக் கொல்லைகள்தான். அலுப்பாகத் தோன்றலாம், ஆனால் உழைக்கும் மக்கள் கடற்கரைக்கு விடுமுறைக்கு வரத் தொடங்கிய காலத்தின் தடம் இங்கேதான் இருக்கிறது. சம்பளத்தோடு விடுமுறை பற்றிய சட்டம் 1938-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1937-இல், இங்கிலாந்தின் பெரிய ரயில் நிறுவனமான சதர்ன் ரயில்வே, விடுமுறைக்கு வருவோரை எதிர்பார்த்துத் தன் நியூ ரோம்னி கிளைப் பாதையைக் கடலோரமாக நகர்த்தியிருந்தது.

டஞ்சனெஸ்தான் உச்சம். 1920-களில் ரயில்வே ஊழியர்கள் பழைய பெட்டிகளை வாங்கிக் கூழாங்கல் வெளியில் நிறுத்தி வீடாக்கினார்கள். சில இன்றும் நிற்கின்றன. அவற்றில் மக்கள் வசிக்கிறார்கள், எட்டிப் பார்க்காதீர்கள்.

எதிரி விமானங்களின் ஓசையை முன்கூட்டியே பிடிக்க 1928–30-இல் எழுப்பிய, ஒலியைக் குவிக்கும் கான்கிரீட் ஒலிக்கண்ணாடிகளுக்கு ரோம்னி சாண்ட்ஸில் இறங்கி நடக்க வேண்டும். மிகப் பெரியது 200 அடி நீளச் சுவர். சுற்றிலும் நீர், பார்வையாளர்களை உள்ளே விடும் திறப்பு நாள் தவிர மற்ற நாட்களில் கரையிலிருந்து பார்க்கலாம், அதுவே போதும்.

பெட்டி குறுகல், உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். குளிர்காலத்தில் ரயில்கள் குறைவு. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.