இரண்டு நாள் கோல்ஃப் விடுமுறை: எந்த மைதானத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

கையில் இரண்டு நாள். காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இப்படி ஒரு கோல்ஃப் விடுமுறைக்குத் திட்டமிடும்போது பலரும் தரவரிசைப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. முதல் நாள் ஆடி முடித்ததும், மறுநாளும் இதே மைதானத்தில் ஆட வேண்டும் என்று தோன்றுமா?

புது மைதானத்தில் முதல் ரவுண்டு முழுக்கப் பாடம்தான். குழியைச் சுற்றியுள்ள க்ரீன் புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது, எந்த பங்கர் (மணல் பள்ளம்) மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, எங்கே நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் ஆடி முடித்த பிறகே புரியும். அதை வைத்து யோசித்து ஆடுவது இரண்டாவது ரவுண்டில். அதனால் இரண்டு நாளில் மூன்று மைதானங்களுக்கு ஓடுவதைவிட, நல்லதாக ஒன்றைப் பிடித்து இரண்டு முறை ஆடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஒன்று என்பதுதான் கேள்வி.

புகழ்பெற்றதா, அதன் பக்கத்தில் இருப்பதா?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்ட் கோர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பொது மைதானம்தான், யாரும் ஆடலாம். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்யாதவர்கள் இரண்டு நாளுக்கு முன் நடக்கும் குலுக்கலில் பெயர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டமே கிடையாது. வார இறுதி விடுமுறையில் பாதி அதிலேயே போய்விடும். அதை ஒட்டியே நியூ கோர்ஸ் இருக்கிறது. பெயர்தான் புதிது, 1895இல் அந்தக்கால வடிவமைப்பாளர் ஓல்ட் டாம் மாரிஸ் அமைத்தது. அதே மணல், அதே காற்று, இடம் கிடைப்பதோ எவ்வளவோ எளிது.

உங்கள் சுற்றுவட்டாரத்திலும் இப்படித் தேடிப் பாருங்கள். பெரிய மைதானத்தின் பக்கத்து நிலத்திலோ, அதே வடிவமைப்பாளர் கையிலோ உருவான இன்னொன்று இருக்கலாம். வாழ்க்கையில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்ற ஆசை மதிக்க வேண்டியதுதான். அதற்கு மாதக்கணக்கில் திட்டமிட்டு, தனிப் பயணமாகப் போகலாம். இரண்டு நாள் விடுமுறைக்கு நான் பக்கத்து மைதானத்தையே சொல்வேன்.

கடலோர மணலா, மரங்கள் சூழ்ந்த பச்சையா?

எனக்கு மிக முக்கியமான ஒப்பீடு இது. கடலோர மணல்வெளியில் அமைந்த லிங்க்ஸ் மைதானத்தில் தரை இறுக்கமாக இருக்கும். விழுந்த பந்து உருண்டு ஓடும். மரங்கள் அதிகம் இல்லாததால் காற்றுதான் அங்கே பெரிய தடை. நேற்று ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையில் எட்டிய க்ரீனுக்கு, இன்று அதைவிடத் தூரம் அடிக்கும் நாலாம் நம்பர் தேவைப்படும். அதாவது, மைதானம் ஒன்றே ஆனாலும் இரண்டு நாளும் வெவ்வேறு ஆட்டம். மழை பெய்தாலும் மணல் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பார்க்லேண்ட் மைதானம் இதற்கு நேர் எதிர். பந்தை அடித்துப் போகும் புல்பாதையான ஃபேர்வேக்கு இருபுறமும் மரங்கள், மெத்தென்ற புல், பந்தை உயரத் தூக்கி அடிக்கும் ஆட்டம். நிழல் உண்டு, காற்றின் வேகமும் குறைவு. புதிதாக ஆட வந்தவருக்கு இங்கே நம்பிக்கை வரும். ஆனால் அடியில் களிமண் இருந்தால், ஒரு நாள் கனமழையே போதும், தரை சதசதவென்று ஆகிவிடும். அடித்த பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். கோல்ஃப் வண்டியையும் பாதையை விட்டு இறக்க விட மாட்டார்கள்.

மூன்றாவதாக, உள்நாட்டு மணல் மைதானங்கள். 1901இல் திறந்த இங்கிலாந்தின் சன்னிங்டேல் ஓல்ட் கோர்ஸ், 1907இல் டொனால்ட் ராஸ் அமைத்த அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானம் இரண்டும் இந்த வகை. கடல் இல்லாமலேயே இறுக்கமான தரையும் உருளும் பந்தும் கிடைக்கும், மர நிழலும் ஓரளவு உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போங்கள். இல்லையென்றால் வானிலையைப் பாருங்கள். மழைக்காலத்தில் லிங்க்ஸ், கொளுத்தும் வெயிலில் பார்க்லேண்ட்.

நீளமும் சிரமமும்

மைதானத்தின் மொத்த நீளம் 7000 கெஜம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிரைவரில் 200 கெஜம் அடிப்பவருக்கு 5200 முதல் 5400 கெஜம் வரைதான் பொருத்தம் என்கிறது அமெரிக்க கோல்ஃப் அமைப்புகளின் பரிந்துரை. ஆகவே முன்பக்க டீக்கள் (முதல் அடி அடிக்கும் இடங்கள்) அக்கறையோடு அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏனோதானோவென்று வைத்திருந்தால் அந்த மைதானம் நம்மைப் போன்றவர்களை நினைத்துக் கட்டியதல்ல.

அப்புறம் ஸ்லோப் ரேட்டிங், அதாவது சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு சிரமம் என்று காட்டும் எண். இது 55இல் தொடங்கி 155 வரை போகும், 113 நடுத்தரம். உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 18 என்றால், ஸ்லோப் 140 உள்ள மைதானத்தில் அந்தக் கணக்குப்படி உங்களுக்கு ஏறத்தாழ 22 அடிகள் சலுகையாகக் கிடைக்கும். 18க்கு மேல் வரும் இந்த நாலு அடி சும்மா வருவதில்லை, அவ்வளவு சிரமம் அங்கே காத்திருக்கிறது என்று பொருள். ஓய்வுக்காகப் போகும் விடுமுறைக்கு 120 முதல் 130 வரை எனக்குப் போதும்.

ரிசார்ட்டா, வெளியாட்களை அனுமதிக்கும் கிளப்பா என்றால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரிசார்ட் வசதி. ஆட்டத்துக்காகவே போகிறவர்களுக்கு கிளப். அங்கே டீக்கும் முந்தைய க்ரீனுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் நடந்தே ஆடலாம், மைதானத்தின் மேடு பள்ளம் காலுக்குப் பிடிபடும்.

வழக்கமான 18 ஹோலில் (குழியில்) பாதியே உள்ள ஒன்பது ஹோல் மைதானங்களை ஒதுக்கிவிடாதீர்கள். 1860இல் நடந்த முதல் ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டியே ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக்கின் 12 ஹோல் மைதானத்தில்தான், மூன்று சுற்றாக ஆடினார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மாலையில் மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்பது ஹோல் கச்சிதம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பதிவு செய்வதற்கு முன் க்ரீன்களில் துளையிட்டு மணல் போடும் பராமரிப்பு எப்போது என்று தொலைபேசியில் கேளுங்கள். அது முடிந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு பந்து குதித்துக் குதித்துத்தான் போகும், எவ்வளவு நல்ல மைதானமானாலும் சரி. தேதி இடித்தால் விடுமுறையைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த மைதானத்தை அழையுங்கள்.