சுகர் பீட் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம்: 6 பருவம் அடித்துப் பார்த்ததில்

சுகர் பீட் என்பது சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் இனக் கிழங்கு. அதன் இலையில் வெள்ளை மாவு போல் படரும் பூஞ்சைதான் சாம்பல் நோய். இதற்கு, தண்ணீரில் கலக்கி அடிக்கும் 80 சதவீத நனையும் கந்தகத்தை 6 பருவமாக அடித்து வருகிறேன். முதல் வருஷம் கேட்டிருந்தால் பத்துக்கு 3 மார்க் கொடுத்திருப்பேன். இன்றைக்கு 8. மருந்து அதேதான், நான் அடிக்கும் நாள்தான் மாறியிருக்கிறது.

அந்த முதல் வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தபோது, "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டேன். மழை இல்லை, இலையில் ஈரமும் இல்லை, எப்படிப் பரவும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குதான் தப்பு. இந்தப் பூஞ்சைக்கு இலை நனைய வேண்டியதே இல்லை. பகலில் காய்ந்த வெதுவெதுப்பும் இரவில் காற்றில் கொஞ்சம் ஈரப்பதமும் இருந்தால் போதும். நல்ல மழை பெய்தால்தான் இதற்குக் கஷ்டம்.

கொஞ்ச நாளில் வயல் முழுக்க மாவைச் சலித்துக் கொட்டியது போல் ஆகிவிட்டது. உள்ளே நடந்து வந்தால் பேன்ட்டில் முழங்கால் வரை வெள்ளை. அப்புறம் டேங்க் டேங்காக அடித்தும் பெரிதாகப் பிடிபடவில்லை. கீழ் இலைகள் மஞ்சளாகிக் காய, செடி நடுவிலிருந்து புது இலை தள்ளிக்கொண்டே இருந்தது. அந்த இலைக்கு வேண்டிய தீனி கிழங்கில் சேர்த்து வைத்த சர்க்கரைதான். எடையும் போனது, சர்க்கரைச் சத்தும் போனது. நோய் சீக்கிரமே பிடித்து, கவனிக்காமல் விட்டால் சர்க்கரை மகசூலில் 20 முதல் 30 சதவீதம் வரை இழப்பு வரலாம். நான் அதை வயலில் பார்த்துத்தான் நம்பினேன்.

கந்தகம் இலைக்குள் இறங்காது. மேலே படிந்து, விழுகிற வித்துகள் முளைக்காமல் தடுக்கும். ஏற்கெனவே வேரூன்றிப் படர்ந்ததை அதனிடம் ஒப்படைத்துப் பயனில்லை. அதனால் இப்போது வரிசைகளின் இடைவெளியை இலைகள் மூடியதும் வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கி, முதிர்ந்த இலைகளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கிறேன். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால், மிளகளவு வட்டத்தில் சிலந்தி நூல் போன்ற இழை தெரியும். தூசியாக இருந்தால் இழை இருக்காது. ஒரு கைலென்ஸ் இருந்தால் சந்தேகமே வராது. முதல் வட்டம் கண்ணில் பட்டதும் முதல் அடி, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேவைப்பட்டால் அடுத்தது. நடுக்குருத்து இலை தடித்துச் சுருண்டு, அடியில் சாம்பல் ஊதாவாகப் பூத்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய், வேறு நோய். அதற்குக் கந்தகம் ஆகாது. செர்கோஸ்போரா என்ற இன்னொரு பூஞ்சையால் வரும் இலைப்புள்ளிக்கும் இதை நம்ப வேண்டாம்.

இனி என் எரிச்சல்கள். தூள் ரகம் வாங்கினால் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். பாதி நாள் நாசிலைக் கழற்றி மாட்டுவதில் போகும். குருணை ரகத்துக்கு மாறிய பிறகு நிம்மதி. அதையும் வாளியில் கரைத்துத்தான் டேங்கில் விடுகிறேன். கண்ணாடி போடாமல் ஒருநாள் அடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அடித்தால் இலை கருகும். ஒருமுறை பட்டாயிற்று, இப்போது அதிகாலையில்தான். எண்ணெய் மருந்து அடித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுகிறேன்.

ஸ்ட்ரோபிலூரின் என்ற பூஞ்சைக்கொல்லி வகையையும் ஒரு பருவம் பார்த்தேன், சுத்தமாகப் பிடித்தது. ஆனால் அமெரிக்காவின் ஐடஹோ மாநில பீட் வயல்களில் அதற்கு அடங்காத சாம்பல் பூஞ்சை வந்துவிட்டது. கந்தகம் பூஞ்சையைப் பல இடத்தில் தாக்குவதால் அந்தப் பயம் குறைவு. அதனால் அடித்தளம் கந்தகம். நோய் முந்திக்கொண்டால் மட்டும் டிரையசோல் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி வகையில் ஒன்று.

அறுவடைக்கு நான்கு வாரம் இருக்கும்போது வரும் வெள்ளைக்கு நான் அடிப்பதில்லை, செலவுக்குத் தகுந்த பலன் இருக்காது. போன பருவம் கடைசி நேரத்தில் வயல் வெளுத்து, இலையில் கருப்புப் பொட்டுகள்கூட வந்துவிட்டன. பக்கத்து வயல்காரர் இரண்டு தடவை போன் செய்து, "என்னண்ணே, உங்க வயலைப் பாக்கலையா?" என்றார். பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறேன் என்று சொன்னால் நம்பவேயில்லை.