திருகோணமலையில் வீட்டு இணையம்: பைபரா, 4ஜியா?

உவர்மலையில் மூன்று ஆண்டுகள் 4ஜி றவுட்டரையும், உப்புவெளிக்குக் குடிவந்தபின் பைபர் (ஒளியிழை) இணைப்பையும் பாவித்தவன் என்ற வகையில், பைபர் வரும் வீதியில் வீடிருந்தால் அதையே எடுக்க வேண்டும் என்பேன். செப்புக் கம்பியில் வந்த பழைய ஏடிஎஸ்எல், தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளினாலே தளர்ந்துவிடும். கடற்காற்றின் உப்பும் அதன் பொருத்துகளை அரித்துவிடும். ஒளியிழைக்கு இவ்விரு தொல்லைகளும் இல்லை.

4ஜி றவுட்டரை வாங்கிய அன்றே சொருகிப் பாவிக்கலாம். ஆனால் ஒரு கைபேசிக் கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதியார் எல்லோரும் பங்கிடுவதால், இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளின் சூம் வகுப்பு திக்கித் திணறியது. முறையிட்ட நான்கு முறையும், றவுட்டரை யன்னலோரம் வையுங்கள் என்ற பதிலே கிடைத்தது. (அது ஓரளவு உதவியது என்பதையும் மறைக்கக்கூடாது.)

2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் இணையச் சேவை, சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளை நம்பியது. கோபுரம் எட்டாத ஊர்களுக்கு அது பொருந்தும், நகருக்குள் இருப்போருக்கு அதன் கருவிச் செலவு வீண்.

பைபரிலும் ஒரு குறையுண்டு: மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள றவுட்டர் பெட்டியும் அணைந்துவிடும். ஆகவே மின்வெட்டின்போது மின்கலத்தில் இயங்க வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை றவுட்டருக்கென சேர்த்தே வாங்குங்கள்.