டிஸ்னி வெக்கேஷன் கிளப்: இரண்டாவது ஒப்பந்தம் அதே யூஸ் இயரிலா, வேறு யூஸ் இயரிலா?

டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்பது டிஸ்னி ரிசார்ட்டுகளில் தங்க ஆண்டுதோறும் பாயிண்டுகள் தரும் ஒப்பந்தத் திட்டம். இதில் இரண்டாவது ஒப்பந்தம் வாங்குகிறவர்கள் விலையையும் ரிசார்ட்டையும் அலசுகிற அளவுக்கு யூஸ் இயரைக் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் எந்த மாதம் பாயிண்டுகள் கணக்கில் ஏறும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரீசேலில், அதாவது ஏற்கெனவே வைத்திருக்கும் உறுப்பினரிடமிருந்து வாங்கினால், ஒப்பந்தத்தோடு வரும் யூஸ் இயரை மாற்ற முடியாது.

யூஸ் இயரும் பத்திரத்திலுள்ள பெயர்களும் ஒன்றாக இருந்தால் இரண்டு ஒப்பந்தங்களும் ஒரே மெம்பர்ஷிப்பில் சேரும். ஒன்று தம்பதி பெயரிலும் மற்றது ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் சேராது. கிளப்பின் இரண்டு ரிசார்ட்டுகளான பே லேக் டவரில் 100, அனிமல் கிங்டம் வில்லாஸில் 100 பாயிண்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பே லேக்கில் 170 பாயிண்டுக்கு அறை வேண்டும். தங்கும் நாளுக்கு 7 மாதத்துக்குள் போடுவதென்றால் இரண்டையும் கலந்து ஒரே முன்பதிவாகப் போடலாம். 11 மாதம் முன்பே பிடிக்க வேண்டுமானால் பே லேக் பாயிண்ட் மட்டுமே செல்லும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மெம்பர்ஷிப் ஒன்றானாலும் ஹோம் ரிசார்ட் உரிமை (ஒப்பந்தம் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பிடிக்கும் உரிமை) ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தனித்தனி. குறையும் 70-ஐ அடுத்த ஆண்டின் பே லேக் பாயிண்டிலிருந்து கடனாக எடுக்கலாம்; பிறகு பயணம் ரத்தானாலும் அது அடுத்த ஆண்டுக்குத் திரும்பாது.

யூஸ் இயர் வேறானால் மெம்பர்ஷிப்பும் இரண்டு. ஒரே முன்பதிவில் கலக்க வேண்டுமானால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயிண்டை மாற்றித்தரக் கேட்க வேண்டும். மாறிய பாயிண்டின் ஹோம் ரிசார்ட்டும் காலாவதி நாளும் மாறாது. இல்லாவிட்டால் இரவுகளைப் பிரித்து இரண்டு முன்பதிவு போடலாம். நடுவில் அறை மாறாது என்ற உத்தரவாதம் கிடையாது.

வேறு வேறு யூஸ் இயர் வைத்திருப்பதற்கும் ஒரு பலம் உண்டு. அது தெரிவது பயணம் ரத்தாகும்போதுதான். யூஸ் இயரின் முதல் 8 மாதத்துக்குள்தான் பாயிண்டை அடுத்த ஆண்டுக்கு பேங்க் செய்யலாம், அதாவது சேமித்து வைக்கலாம். டிசம்பர் யூஸ் இயருக்குக் கடைசி நாள் ஜூலை 31. நவம்பர் பயணத்தை செப்டம்பரில் ரத்து செய்தால், நவம்பர் 30-க்குள் செலவழிக்காத பாயிண்ட் வீண். அக்டோபர் யூஸ் இயர்க்காரருக்கு அடுத்த மே 31 வரை அவகாசம் இருக்கும். எந்த யூஸ் இயரானாலும், கிளம்ப 30 நாளுக்குள் ரத்து செய்தால் பாயிண்ட் ஹோல்டிங் கணக்குக்குப் போய்விடும். பேங்க் செய்யவே முடியாது, 60 நாளுக்குள் வரும் தங்கலுக்கு மட்டுமே உதவும்.

ஆகவே ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று என நிலையாக இரண்டு பயணம் போகிறவர், ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு பயணத்துக்குத் தனியாகப் போதுமானால், பிப்ரவரியும் அக்டோபருமாக வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரே யூஸ் இயர்தான் சரி. அதற்காக ரீசேலில் சில மாதம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கிய பழைய ரிசார்ட் பாயிண்டுகள், அவற்றுக்குப் பின் வந்த ரிவியரா ரிசார்ட்டில் செல்லாது. நேரடியாக வாங்கியவற்றோடு ஒரே மெம்பர்ஷிப்பில் இருந்தாலும் அப்படித்தான்.

முன்பதிவை உறுதி செய்யுமுன் எந்த ஒப்பந்தத்திலிருந்து பாயிண்ட் கழிகிறது என்று பாருங்கள். பேங்க் செய்தவற்றை மறுபடி பேங்க் செய்ய முடியாது என்பதால் அவை முதலில் போகட்டும். 7 மாதத்துக்குள் போடும் பே லேக் முன்பதிவுக்கு அனிமல் கிங்டம் பாயிண்டைச் செலவழித்தால், பே லேக் பாயிண்ட் அடுத்த 11 மாத முன்பதிவுக்கு மிஞ்சும்.